“நான் எங்கடா அழுதேன்?”: சீரியல் எழுதும் அறையில் கற்றுக்கொண்டது

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன மாதம் மதுரைக்குப் போயிருந்தபோது நாலு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். மூணு பையன்கள், ஒரு பொண்ணு. எல்லாரும் இப்போதுதான் காலேஜ் முடித்தவர்கள். “அண்ணே, நாங்க சேர்ந்து ஒரு வெப் சீரிஸ் எழுதுறோம், எட்டு எபிசோட், சேர்ந்து எழுதுறது எப்படின்னு சொல்லிக் குடுங்க”ன்னு கேட்டாங்க. சாயங்காலம் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். பத்து நிமிஷத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாலு பேரில் ரெண்டு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே இல்லை. அந்தப் பொண்ணு எழுதின மூணாவது எபிசோடை ஒரு பையன் ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி, எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். “நல்லாத்தானே ஆக்கிருக்கேன்”னு அவன் சொல்றான். “நல்லா இருக்கு, ஆனா அது என் அம்மாவோட சீன்”னு அவ சொல்றா.

சீரிஸ் எழுதக் கற்றுக்கொள்வது என்றால் கட்டமைப்பு, திருப்பம், எபிசோட் முடிவில் வைக்கிற கொக்கி, இதெல்லாம்தான் என்று நினைத்து வந்திருந்தார்கள். அதெல்லாம் ஆறு மாசத்தில் வந்துவிடும். வராதது எதுவென்றால், அந்தப் பொண்ணுக்கும் பையனுக்கும் நடுவில் அன்றைக்கு இருந்த விஷயம்தான். நாலு பேர் சேர்ந்து எழுதும்போது எதை விட்டுக்கொடுப்பது, எதை விடவே கூடாது? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான் பத்து வருஷத்துக்கு மேல் சீரியலில் வசனம் எழுதுகிறவன். நான் செய்த ஒரு தப்பையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குவோம். 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. நடிகர் மாரிமுத்து இறந்துபோனார். சன் டிவியில் ‘எதிர்நீச்சல்’ ஓடிக்கொண்டிருந்த நேரம். அந்தத் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவருக்குத்தான் நெஞ்சுவலி வந்தது. மதுரையில் ஒரு பெரிய வீடு, அந்த வீட்டை ஆட்டிப்படைக்கிற மூத்த அண்ணன் ஆதி குணசேகரன். “இந்தாம்மா ஏய்” என்று அவர் கூப்பிடுகிற தோரணை தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தது. வருசநாட்டுப் பக்கத்துக்காரர். ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ என்று ரெண்டு படம் இயக்கினவர். சாகிறதுக்கு ஒரு மாசம் முன்னால்தான் ‘ஜெயிலர்’ வந்திருந்தது.

ஊரே அவருக்காக வருத்தப்பட்டது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் எழுதுகிறவன் புத்தி இருக்கிறதே, அது வெட்கம் கெட்டது. அன்றைக்கு மத்தியானமே என் மனசில் ஓடியது வேறு ஒன்று: அந்த வசன பேப்பர் எல்லாம் இப்போது என்ன ஆகும்?

சொல்கிறேன். தினசரித் தொடர் என்றால் வாரத்துக்கு ஆறு எபிசோட், சில சமயம் ஏழு. அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வாரத்துக்கு ரெண்டு மணி நேரத்துக்கும் மேலே படம். சினிமாக்காரர்கள் ஒரு வருஷம் எடுத்துச் செய்கிற நீளத்தை நாங்கள் ஒரு வாரத்தில் எழுதி, எடுத்து, டப்பிங் பேசி முடிக்க வேண்டும். ஒரு ஆளால் முடியாது. யாராலும் முடியாது. அதனால் கதை ஒருத்தர், திரைக்கதை ஒருத்தர், வசனம் ஒருத்தர். அந்த ஒருத்தருக்குப் பின்னால் பெயர் வராத ரெண்டு மூணு பேர். ‘எதிர்நீச்சல்’ இயக்குநர் திருச்செல்வம், ‘கோலங்கள்’ எடுத்தவர். வசனம் ஸ்ரீவித்யா. ஒரு வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரு ஆளின் குரலுக்கு எதிராக நிற்கிற கதை அது. அந்தக் குரல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நின்றுவிட்டது.

நான் அந்த அறையில் இருந்தவன் இல்லை. உள்ளே என்ன பேசினார்கள் என்று கதை விட மாட்டேன். திரையில் நாம் எல்லாரும் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் கதை நகர்ந்தது. கொஞ்ச நாள் அந்த வீடு அவர் இல்லாமல், அவரைப் பற்றிய பேச்சிலேயே ஓடியது. அப்புறம் வேல ராமமூர்த்தி அதே குணசேகரனாக வந்தார். பெருநாழிக்காரர், ‘குற்றப்பரம்பரை’ எழுதின எழுத்தாளர். பார்க்கிறவர்கள் ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள், அது தவிர்க்க முடியாதது.

ஆனால் எழுதுகிற இடத்திலிருந்து பாருங்கள். முகம் போச்சு. குரல் போச்சு. அந்த “ஏய்” போச்சு. அது ஒரு ஆளோட நாக்கு, அதை இன்னொருத்தருக்கு எழுதிக் கொடுக்க முடியாது. வருசநாட்டுப் பேச்சு வேறு, பெருநாழிப் பேச்சு வேறு. அதையெல்லாம் விட்டாக வேண்டும். விடக் கூடாதது ஒன்று இருந்தது. அந்த வீட்டில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து நிற்கிறார்களே, அந்த பயம். அது அவருடைய வசனத்தில் இல்லை, எதிரில் நிற்கிற நாலு பெண்களோட வசனத்தில் இருந்தது. அதனால்தான் தொடர் தப்பித்தது என்று நான் நினைக்கிறேன். 2024 ஜூன் வரைக்கும் ஓடியது, அதன் பிறகு இரண்டாம் பாகமும் வந்தது.

கூட்டாக எழுதுவது இப்போது ஓடிடி வந்த பிறகு ‘ரைட்டர்ஸ் ரூம்’ என்ற பெயரில் அமெரிக்காவிலிருந்து இறங்கின சரக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம்மிடம் ‘கதை இலாகா’ என்று அழகான பேர் இருந்தது. 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்கு ஆர்.எம்.வீரப்பன், வித்துவான் வே.லட்சுமணன், எஸ்.கே.டி.சாமி என்று மூணு பேர். வசனத்துக்குக் கண்ணதாசன், ரவீந்தர் என்று ரெண்டு பேர். திரைக்கதைக்குத் தனியாக ஆட்கள். அந்தப் படத்தோட வெற்றி விழாவை நம்ம மதுரையில்தான் கொண்டாடி, எம்.ஜி.ஆருக்குத் தங்க வாள் கொடுத்தார்கள். வாள் நாயகனுக்கு, கதை இலாகாவுக்கு டைட்டில் கார்டில் ஒரு வரி. (சிரிக்கிறார்) இந்தக் கணக்கு இன்றைக்கும் பெரிசா மாறவில்லை, அதைப் பின்னால் பேசுவோம்.

இன்னொரு மதுரைக்காரர் இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் தவறிப்போனார். பிறந்தது சேலம், ஆனால் வாழ்ந்தது, எழுதினது எல்லாம் மதுரை. ‘மர்மதேசம்’ பார்த்துப் பயந்து போர்வைக்குள் போனவர்கள் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார்கள், நானும் அதில் ஒருத்தன். கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம். ‘விடாது கருப்பு’ அவருடைய ‘விட்டு விடு கருப்பா’ நாவலிலிருந்து வந்தது. நாவலையும் தொடரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இது நான் எல்லாப் புதுசுக்கும் கொடுக்கிற முதல் வேலை. நாவலில் எழுத்தாளர் வாசகன் காதில் வந்து நேராகச் சொல்லலாம். தொடரில் அந்த வசதி கிடையாது. அங்கே குதிரைக் குளம்புச் சத்தம் பேச வேண்டும், இருட்டு பேச வேண்டும், ஒரு சின்னப் பையன் முழிக்கிற முழி பேச வேண்டும். எழுத்தாளர் தன் வாக்கியத்தை விட்டுக்கொடுத்தார். கருப்பு யார் என்கிற கேள்வியை வாரா வாரம் தள்ளிப்போடுகிற பிடியை விடவில்லை.

இவை ரெண்டையும் விடப் பழைய உதாரணம் ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பெஷல் நாடகம். நம்ம பக்கத்துக் கிராமங்களில் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ போடுவாங்களே, அதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாய்ஸ் கம்பெனி வைத்தவர், 1922-ல் காலமானார். அவர் எழுதின நாடகங்கள்தான் இன்றைக்கும் விடிய விடிய நடக்கின்றன. அதில் ஒரு அதிசயம் உண்டு. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒரு குழு கிடையாது. முருகன் வேஷக்காரர் ஒரு ஊர், வள்ளி ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாகத் தேதி வாங்கி, தனித்தனியாக பஸ் ஏறி வருவார்கள். ஒத்திகை கிடையாது. அன்றைக்கு ராத்திரி மேடையில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பதே. ஆனால் நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ண ஆரம்பித்தால் மணிக்கணக்கில் போகும், கூட்டம் அசையாது.

எப்படி முடிகிறது? எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு, யார் எப்போது உள்ளே வரணும், தர்க்கம் எங்கே போய் முடியணும், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதைத் தொட மாட்டார்கள். நடுவில் இருக்கிற பேச்சு முழுக்க அன்றைக்குப் பிறந்தது. எதிராளி ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டால் அதை வாங்கித்தான் பதில் சொல்லணும், வீட்டில் மனப்பாடம் பண்ணி வைத்ததைச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஓரத்தில் ஆர்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார். யாராவது பாதை மாறிப் போனால் அவர் சுருதியிலேயே இழுத்துக்கொண்டு வருவார். ஒரு நல்ல எழுத்து அறைக்கு அந்த ஆர்மோனியக்காரர் மாதிரி ஒருத்தர் வேண்டும். பெரிய எழுத்தாளராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்கே இருக்கிறோம், எங்கே போகணும் என்று மறக்காதவராக இருந்தால் போதும்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால் ஊர். நான் சென்னைக்குப் போய் ஒரு தொடரில் உதவி வசனகர்த்தாவாகச் சேர்ந்தேன். தொடர் பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். வடபழனிப் பக்கம் ஒரு மாடி வீடு, ஒரு நீள மேசை, ஆறு நாற்காலி, எப்போதும் ஒரு நாற்காலி உடைந்திருக்கும். கதை சொல்கிற அண்ணன் ஒருத்தர், திரைக்கதை அண்ணன் ஒருத்தர், மூத்த வசனகர்த்தா ஒருத்தர், அவரை ‘சார்’ என்று கூப்பிடுவோம், நான், இன்னொரு உதவியாளர் அக்கா. வாரத்துக்கு ஒருமுறை சேனல் தரப்பிலிருந்து ஒருத்தர் வருவார்.

முதல் மாசம் நான் எழுதின பதினேழு சீனில் ஒன்று கூட நான் எழுதின மாதிரி வரவில்லை. எண்ணி வைத்திருந்தேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் சாரிடம் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. “தம்பி, வியாழக்கிழமை அந்த அம்மா நடிகைக்கு டேட் இல்ல. உன் சீன்ல அவங்கதான் பேசிட்டே இருக்காங்க. அதான் போன்ல பேசுற மாதிரி மாத்திட்டேன்” என்றார். அவ்வளவுதான் விஷயம். என் எழுத்தில் குறை இல்லை, அம்மாவுக்கு டேட் இல்லை. இதற்காக மூணு நாள் ராத்திரி தூங்காமல் இருந்திருக்கிறேன்.

அப்படியே பழகிக்கொண்டேன். இந்த வாரத்துக்கு ஒன்லைன் போடுவார்கள், அதாவது எபிசோடுக்கு ரெண்டு வரியில் என்ன நடக்கிறது என்று. பிறகு சீன் ஆர்டர். அதைப் பிரித்துக்கொண்டு வசன பேப்பர் எழுதுவோம். எனக்கு முதல் பாதி, அக்காவுக்குப் பின் பாதி. சாயங்காலம் சத்தமாக வாசிப்போம். ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் வாசிக்கணும், அது சாரோட கட்டளை. நம்ம வரியை அடுத்தவர் வாயில் கேட்கும்போதுதான் அது எவ்வளவு நீளம் என்று தெரியும். செட்டில் உதவி இயக்குநர் ஓரமாக நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுக்க, நடிகர்கள் கேட்டுப் பேசுவார்கள். நாலு ‘என்று’ போட்ட வாக்கியம் அங்கே செத்துப்போகும்.

அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். அட்டையில் ‘யாருக்கு என்ன தெரியும்’ என்று எழுதியிருக்கும். மாமியாருக்குக் கடன் விஷயம் தெரியும், எப்போதிலிருந்து? சின்ன மருமகளுக்கு அது மாமியாருக்குத் தெரியும் என்பது தெரியுமா? இப்படிப் பக்கம் பக்கமாக. எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒருமுறை அக்கா லீவில் இருந்தபோது, ஒரு மாசம் முன்னால் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாத்தையும் கேட்ட மாமியாரை, “என்னடி சொல்ற, கடனா?” என்று அதிர்ச்சியாகக் கேட்கிற மாதிரி நான் எழுதிவிட்டேன். அஞ்சு பேர் பார்த்தும் யாருக்கும் உறைக்கவில்லை. ஒளிபரப்பான ராத்திரி என் சொந்தக்காரர்களே போன் பண்ணிக் கேட்டார்கள், “அந்தம்மாவுக்குத்தான் தெரியுமேப்பா?” என்று. சேர்ந்து எழுதும்போது முதலில் தொலைவது ஞாபகம். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் நினைவில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம். தெப்பக்குளத்துத் தம்பிகளிடம் முதலில் வாங்கச் சொன்னது அந்த நோட்டைத்தான்.

இப்போது அந்தத் தப்பு.

மூணாவது வருஷம். டி.ஆர்.பி. இறங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை ரேட்டிங் வந்தால் அறையில் யாரும் டீ கூடக் கேட்க மாட்டோம். அப்படி ஒரு வியாழக்கிழமை. “எவன்கிட்டயாவது உண்மையா ஒரு விஷயம் இருக்கா? வீட்ல நடந்தது, ஊர்ல நடந்தது?” என்று கதை அண்ணன் கேட்டார். எல்லாரும் முழித்தோம். நான் என் அத்தை கதையைச் சொன்னேன்.

அத்தை, எங்க அப்பாவோட தங்கச்சி. இருபத்தாறு வயசில் மாமா தவறிட்டார். முப்பதாம் நாள் முடிந்த கையோடு மாமாவோட அண்ணன் தம்பிகள் பத்திரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார்கள், கொடிக்கால் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக. மத்தியான நேரம். பத்திரம் எழுதினவரும் கூட வந்திருந்தார். “கையெழுத்து போடும்மா, உன்னை நாங்க பாத்துக்குவோம்” என்றார்கள். “வாசிச்சுக் காட்டுங்க” என்று அத்தை சொல்லியிருக்கிறது. அவர் முழுசாக வாசித்தார். அத்தை பத்திரத்தை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டு, “நேரமாச்சு, சாப்பிடுங்க” என்று இலை போட்டு, அத்தனை பேருக்கும் சோறு போட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டவர்களுக்கும் அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. பத்திரம் திரும்பிப் போகவே இல்லை. அந்தக் கொடிக்கால் இன்றைக்கும் அத்தையிடம்தான் இருக்கிறது.

இதைச் சொன்னதும் அறை நிமிர்ந்து உட்கார்ந்தது. “இதான்டா ட்ராக்” என்றார் அண்ணன். அக்கா மட்டும் ஒன்று கேட்டார்: “அன்னைக்கு அத்தை என்ன சமைச்சிருந்தாங்க?” எனக்குத் தெரியவில்லை. “அது எதுக்குக்கா?” என்று சிரித்துவிட்டேன்.

அடுத்த ரெண்டு மணி நேரத்தில் கதை கைமாறிக்கொண்டே போனது. சோறு போட்டால் பெண் பணிந்துவிட்ட மாதிரித் தெரியும், பார்க்கிறவர்களுக்குப் புரியாது என்றார் சேனல் தரப்பு. கிழிக்கட்டும் என்றார் ஒருத்தர். கிழித்துவிட்டு அழட்டும், வில்லன் சிரிக்கட்டும், இடைவேளை என்றார் இன்னொருத்தர். ஒவ்வொன்றும் சின்னச் சின்ன மாற்றம்தான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. விட்டுக்கொடுக்கப் பழகியிருந்தேனே, தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் ரெண்டரைப் பக்கத்துக்கு ஒரு அழுகை வசனம் வந்தது. அதை எழுதினது நான்தான். நல்லா எழுதினதாக சார் முதுகில் தட்டினார். மூணு நாள் ஓடியது. ரேட்டிங் ஏறியது.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து வெற்றிலை அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம் போல “வாய்யா மருமகனே” சொல்லவில்லை. கையில் இருந்த கவுளியைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தது.

“ஏண்டா, நான் எங்கடா அழுதேன்?”

நான் ஒன்றும் பேசவில்லை.

“ஊரே பாத்துருச்சு. அவிங்க வீட்டாளுகளும் பாத்திருப்பாய்ங்கள்ல? நான் அழுதேன்னுல்ல நெனப்பாய்ங்க. நான் சோறுல்ல போட்டேன்.”

இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. கேட்காமல் எடுத்துச் சொன்னதற்குத் திட்டும் என்று நினைத்துப் போயிருந்தேன். அதற்கும் திட்டு விழுந்தது, அது அப்புறம். முதலில் கேட்டது இதைத்தான். முப்பது வருஷமாக அந்த ஆட்கள் முன்னால் அழாமல் வாழ்ந்த ஒரு மனுஷியை, அவங்க வீட்டு டிவியிலேயே அழவைத்துக் காட்டிவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டேன், “அத்தை, அன்னைக்கு என்ன கொழம்பு?” அது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னது, “கத்திரிக்கா புளிக்கொழம்பு. ஒங்க மாமாவுக்குப் பிடிக்கும்னு வச்சது. பழக்கத்துல வச்சிட்டேன்.” செத்துப்போனவருக்குப் பிடித்த குழம்பை, அவர் பங்கைப் பிடுங்க வந்தவர்களுக்கு ஊற்றியிருக்கிறது. அந்த ஒரு வரி மேசையில் இருந்திருந்தால், அழட்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? அக்கா கேட்ட கேள்விக்குள் மொத்த சீனும் இருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

சென்னை திரும்பி இதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, “மாறக் கூடாதது” என்று தலைப்பு போட்டார். அதிலிருந்து எங்கள் வழக்கம் அது. யார் ஒரு விஷயத்தைக் கொண்டுவந்தாலும், மேசையில் வைக்கிறதுக்கு முன்னால் ஒரே ஒரு வரி சொல்லணும்: இதில் எதை மாற்றினால் இது பொய்யாகிவிடும்? மற்றது எல்லாம் பொதுச் சொத்து. ஆணைப் பெண்ணாக்கலாம், சோழவந்தானைச் சேலமாக்கலாம், வசனம் முழுக்கத் தூக்கலாம். அந்த ஒரு வரிக்காக மட்டும் சண்டை போடலாம், சேனல் தரப்போடும் போடலாம். எல்லாத்துக்கும் சண்டை போடுகிறவன் பேச்சை அறையில் யாரும் கேட்க மாட்டார்கள், ஒன்றுக்கு மட்டும் போடுகிறவனைக் கேட்பார்கள். எங்களுக்குப் பாதிக்குப் பாதி ஜெயித்தது.

தெப்பக்குளத்தில் அந்தப் பொண்ணிடம் இதைத்தான் கேட்டேன், “அம்மா சீன்ல எது மாறக் கூடாது?” ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “அம்மா திரும்பிப் பாக்காமப் போகணும்ணே” என்றாள். பையன் திருத்தினதில் அம்மா வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். மற்றபடி அவன் மாற்றினது எல்லாம் நல்லா இருக்கு என்று அவளே சொன்னாள். “இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?” என்றான் அவன். “எனக்கே இப்பத்தான் தெரியுது” என்றாள்.

அவர்களிடம் சொன்ன இன்னும் ரெண்டு விஷயம், சுருக்கமாக. ஒன்று, எழுதத் தொடங்குவதற்கு முன்னால் யார் பெயர் எப்படி வரும், பணம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்து போடுங்கள். “நண்பர்களுக்குள்ள எதுக்குண்ணே”ன்னு இழுத்தாங்க. நண்பர்களுக்குள்ளதான் வேணும். 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அதில் ஒரு முக்கியமான கோரிக்கை, ஒரு எழுத்து அறையில் குறைந்தது இத்தனை பேரையாவது வைக்கணும் என்பது. அங்கேயே அப்படி என்றால், பெயர் வராத உதவியாளர்களை வைத்து ஓடுகிற நம்ம அறைகளைப் பற்றி நான் என்ன சொல்ல? அந்த அழுகை வசனத்துக்கும் என் பெயர் வரவில்லை. அதில் மட்டும் எனக்கு நிம்மதி.

ரெண்டாவது, மதுரைத் தமிழ். நாலு பேரும் மதுரை, ஆனால் எழுதியிருந்தது சினிமா மதுரை. ரெண்டு ‘அங்கிட்டு’, மூணு ‘அவிங்ய’ போட்டால் மதுரை ஆகிவிடாது. உசிலம்பட்டிப் பேச்சும் மேலூர்ப் பேச்சும் ஒன்றா? சௌராஷ்டிரா வீட்டுத் தமிழ் தனி இல்லையா? நாலு பேர் எழுதுவதில் இருக்கிற பெரிய லாபமே நாலு வீட்டுப் பேச்சு கையில் இருப்பதுதான். அதைத் திருத்தித் திருத்தி ஒரே குரலாக்கிவிட்டால் ஒருத்தரே எழுதியிருக்கலாம்.

அத்தை விஷயத்தை முடித்துவிடுகிறேன். ரெண்டு வருஷம் கழித்து வேறொரு தொடரில் அதே சீனைத் திரும்ப எழுத வாய்ப்பு வந்தது. இந்த முறை ஊருக்குப் போய்க் கேட்டேன். அத்தை ரொம்ப யோசித்தது. “கொடிக்கால்னு வைக்காத, அம்புட்டுப் பேரும் கண்டுபிடிச்சிருவாய்ங்க. புளியந்தோப்புன்னு வையி” என்றது. அப்படியே வைத்தோம். ஒன்லைன் திரைக்கதை அண்ணனுடையது, இலை போடுகிற வரைக்கும் அக்கா எழுதினார், கடைசி அரைப் பக்கம் நான். குழம்பு ஊற்றுகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்கக் கூடாது என்று பேப்பரில் எழுதிக் கொடுத்தோம். இயக்குநர் அப்படியே எடுத்தார், பின்னணி இசை கூட வைக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அத்தை போன் பண்ணியது. சீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“புளியந்தோப்புன்னு வச்சும் பக்கத்து வீட்டுக்காரி கண்டுபிடிச்சிட்டாடா” என்றது. குரலில் கோபம் இல்லை. “கொழம்ப வச்சுக் கண்டுபிடிச்சாளாம்.”

சரி, இன்றைக்கு இவ்வளவுதான். அந்த நாலு பேர் மூணாவது எபிசோடைத் திரும்ப எழுதி முடித்துவிட்டார்கள், நேற்று அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் நான் படிக்கவில்லை, இனிமேல்தான் படிக்கணும்.